வாங்க வாங்க வைரஸே!

அந்தக் காலத்து வைரஸ்களுக்கு மரியாதை தெரியும். 1986இல் லாகூரிலிருந்து கிளம்பிய 'பிரெய்ன்', தன்னை எழுதிய அண்ணன் தம்பியின் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் சுமந்துகொண்டே ஃப்ளாப்பி விட்டு ஃப்ளாப்பி தாவியது. தடுப்பூசி வேண்டுவோர் தொடர்புகொள்ளலாம் என்ற குறிப்பு வேறு! தங்கள் மருத்துவ மென்பொருளைக் காசு கொடுக்காமல் நகலெடுப்பவர்களைப் பிடிக்கத்தான் எழுதினோம் என்றார்கள் சகோதரர்கள். அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் அழைப்புகள் வந்து குவிந்ததில் அவர்களே திகைத்துப்போனார்கள்.

அடுத்த தலைமுறை காதலில் இறங்கியது. 2000 மே 4 அன்று மணிலாவிலிருந்து பரவிய மின்னஞ்சலின் தலைப்பு 'ஐ லவ் யூ'. உடன் வந்த கோப்பின் பெயர் 'டிஎக்ஸ்டி' என்று சாதுவாக முடிவதாகத் தெரிந்தது. அதற்கும் பின்னால் இருந்த 'விபிஎஸ்' என்ற நிஜ வாலை விண்டோஸ் தன் வழக்கப்படி மறைத்துவிட்டது. திறந்தவரின் படக்கோப்புகளைக் கெடுத்துவிட்டு, அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் பெயரிலேயே காதல் சொன்னது. மேலாளர், கணக்காளர், ஒருவரும் விடுபடவில்லை. எழுதிய இளைஞரைத் தண்டிக்க அப்போது பிலிப்பைன்ஸில் சட்டமே இல்லை.

மேற்கு மாம்பலத்தில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரின் கணினிக்குப் பாதுகாப்பில் குறையே கிடையாது. தூசி படாமல் உறை. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம். பேரன் கிட்டே வந்தால் ஒரு முறைப்பு. அப்டேட் கேட்டால் மட்டும் 'அப்புறம் பார்க்கலாம்'.

"எதுக்குப்பா தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கீங்க?" என்றான் மகன்.

"நல்லா ஓடிக்கிட்டு இருக்கறதை ஏன்டா நோண்டணும்?"

2017இல் பலரும் இப்படித்தான் இருந்தார்கள். விண்டோஸில் இருந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே தந்திருந்தது. மே 12 அன்று 'வான்னாக்ரை' வந்து, அதைப் போடாத கணினிகளைப் பூட்டி, திறக்க 300 டாலருக்கு பிட்காயின் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

பெரியவரின் பென்டிரைவ் தனிக் கதை. ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து வந்ததும் ஃபோல்டர்களெல்லாம் ஷார்ட்கட் ஆகியிருந்தன. அசல் ஒளிந்திருக்கும், ஷார்ட்கட்டைத் தொட்டால் வைரஸும் ஃபோல்டரும் ஜோடியாகத் திறக்கும். கேட்ட ஃபோல்டர் வந்துவிட்டதே, யார் சந்தேகப்படுவார்கள்?

மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தான். அப்டேட் தானாக நடக்கும்படி வைத்தான். கோப்புகளின் வால் தெரியும்படி மாற்றினான். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும் என்று, ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இரண்டு இலவச ஆன்டிவைரஸ்களை வெளியேற்றினான். அப்பாவுக்கு அட்மின் அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு. வங்கியில்கூட அப்படி ஒரு பதவியிறக்கத்தை அவர் கண்டதில்லை. பேக்கப் வட்டைச் செருகியே வைத்திருந்தால் வான்னாக்ரை வகையறா அதையும் சேர்த்துப் பூட்டிவிடும் என்பதால், வேலை முடிந்ததும் கழற்றி பீரோவில் வைக்கச் சொன்னான்.

பீரோ சாவி அம்மாவிடம். வெள்ளிக்கிழமை பீரோவிலிருந்து எதையும் எடுத்துத் தர மாட்டார். அதனால் பேக்கப், சனிக்கிழமை ராகுகாலம் கழிந்த பிறகுதான்.