புல் மகாத்மியம்

மழை கொட்டும்போது புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சும் அதிசயத்தைக் காண ஜோகூரில் அதிகம் அலைய வேண்டாம். பெரிய அங்காடி ஒன்றின் கார் நிறுத்துமிடம் போதும். நான் பார்த்தது மதியம் மூன்று மணிக்கு. வானம் கறுத்து, சடசடவென்று மழை. புல் திட்டின் நடுவே தெளிப்பான் கடமையே கண்ணாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பாதி நீர் புல்லில், மீதி தாரில். மழை வந்தால் தெளிப்பானைத் தானாக நிறுத்தும் கருவியும் கம்பத்தில் இருந்தது. நனைந்து பழுதாகிவிடக் கூடாதே என்று யாரோ அதன் தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டி, ரப்பர் வளையமும் போட்டிருந்தார்கள்.

பக்கத்தில் ரெயின்கோட்டு மாட்டிக்கொண்டு ஓர் அக்கா ரப்பர்க் குழாயைப் பிடித்து நின்றார்.

"மழ பேயுதேக்கா, இது வேற எதுக்கு?"

"சூப்பர்வைசருக்குப் படம் அனுப்பணும் தம்பி. தண்ணி ஊத்துற படம் வாட்சப்புல போகலன்னா வேல செய்யலன்னு எழுதிருவாங்க. தோட்டத்துல இருந்தப்ப எங்கம்மா ஒரு கொடம் தண்ணிக்கு லயத்துலேர்ந்து கெணத்துக்கு நடக்கும். இங்க பாரு கூத்த!"

அந்தத் திட்டிலேயே ஒரு பலகை நின்றது. பச்சை இலைப் படம் போட்டு, இந்த வளாகம் நீர்ச் சிக்கன முறையில் பராமரிக்கப்படுகிறதாம். பலகையின் காலடியில்தான் குட்டை கட்டியிருந்தது.

ஔவையார் கணக்கில் நெல் முதலில், புல் அதற்குப் பிறகு. நம் வணிக வளாகங்கள் நெல்லைத் தூக்கிவிட்டுப் புல்லை அரியணையில் உட்கார வைத்துவிட்டன. அதுவும் எந்தப் புல்? மலாய்க்காரர்கள் ரும்புட் லெம்பு என்று சொல்லும் மாட்டுப்புல். கம்போங் திடலிலும் பள்ளிக்கூடத்து மூலையிலும் யாரும் ஒரு சொட்டு ஊற்றாமல் தன் பாட்டுக்குப் படர்ந்து கிடக்கிற ஜாதி. அங்காடி வாசலுக்கு வந்ததும் அதற்கு மட்டும் சுத்திகரித்து, குளோரின் போட்டு, குழாயில் அனுப்பிய குடிநீர் வேண்டியிருக்கிறது.

ஜோகூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். ஒரு ஹெக்டர் கூரை உள்ள அங்காடியின் தலையில் ஆண்டுக்கு 2 கோடியே 40 லட்சம் லிட்டர் விழுகிறது. ஒரு காசு பில் கிடையாது. அதை என்ன செய்கிறோம்? கூரையிலிருந்து குழாய் போட்டு, பத்திரமாகச் சாக்கடைக்கு வழியனுப்புகிறோம். பிறகு ஜோகூர் ஆற்றுத் தண்ணீரை விலைக்கு வாங்கி அதே கூரையின் கீழுள்ள புல்லுக்கு ஊற்றுகிறோம்.

வழி தெரியாமல் இல்லை. 1998-இல் கிள்ளான் பள்ளத்தாக்கு தண்ணீருக்குத் தவித்தபோது அரசாங்கம் விழித்துக்கொண்டு, 1999-இல் மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்த வழிகாட்டியே வெளியிட்டது. 2009-இல் வந்த பசுமைக் கட்டடக் குறியீட்டில் வீடல்லாத புதிய கட்டடங்களுக்கு உள்ள 100 புள்ளியில் 10 நீர்ச் சிக்கனத்துக்கு. மழைநீர்ச் சேகரிப்புக்கு அதில் பங்குண்டு, லேண்ட்ஸ்கேப் பாசனத்துக்குத் தனியே பங்குண்டு. ஆக, தொட்டி கட்டுகிறார்கள், சொட்டுக்குழாய் புதைக்கிறார்கள், திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுகிறார்கள். அடுத்த ஆண்டு பம்பு பழுதாகும். வடிகட்டியைக் கழுவ ஆளிருக்காது. சொட்டுக்குழாயின் துளையில் செம்மண் அடைத்து செடி வாடும். ஊசியால் குத்திவிட்டால் ஐந்து நிமிட வேலை. ஆனால் குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்த ஒப்பந்தக்காரரின் தாளில் ஊசி இல்லை, ரப்பர்க் குழாய்தான் இருக்கிறது. ஏன் தொட்டியைக் கைவிட்டீர்கள் என்று கேட்டால், ஏடிஸ் கொசுவாம், டெங்கியாம். மூடி போட்டு வலை கட்டினால் கொசு எங்கிருந்து வரும்? மூடியைத் திருடிக்கொண்டு போனதும் கொசுதானா?

சென்னைவாசிகள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அதிகாரி வந்து பார்க்க ஒரு குழாயும் கூழாங்கல் நிரப்பிய ஒரு குழியும் எத்தனை வீட்டில் முளைத்தன, அவற்றில் எத்தனை இன்று தூர்ந்து கிடக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

சிக்கனம் என்றதும் நம் ஆட்களுக்கு அடுத்துத் தோன்றுவது சரளைக்கல். 1981-இல் அமெரிக்காவின் டென்வர் நகரத் தண்ணீர்த் துறை, வறண்ட மேட்டு நிலத்துக்காக ஒரு தோட்ட முறையை வகுத்தது. மண்ணைப் பண்படுத்து, புல்லைக் குறை, ஒரே அளவு தாகமுள்ள செடிகளைச் சேர்த்து நடு, மூடாக்கு போடு, ஒழுங்காகப் பராமரி என்பதெல்லாம் அதன் விதிகள். நாம் விதிகளை விட்டுவிட்டுக் கள்ளியை மட்டும் இறக்குமதி செய்தோம். கறையான் புற்றே நனைந்து சரியும் நாட்டில் கள்ளி வேர் அழுகிச் சாகிறது. செத்த இடத்தில் பிளாஸ்டிக் புல் விரிக்கிறார்கள். நடுப்பகலில் அதன்மேல் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், தீ மிதித்த புண்ணியம் திருவிழா இல்லாமலே கிடைக்கும். சூடு தணிய அதற்கும் தண்ணீர் அடிக்கிறார்கள் என்பதுதான் கொடுமை.

கட்டுமானக் கழிவின்மேல் ஒரு சாண் மண்ணைக் கொட்டி, அதன்மேல் புல் பாளங்களை ஒட்டினால் வேர் எங்கே இறங்கும்? அதையும் தரையோடு மழித்துவிட்டால் இரண்டு நாள் வெயிலுக்குப் பழுக்கத்தான் செய்யும். வெட்டும் இயந்திரத்தின் கத்தியை இரண்டு விரல்கடை உயர்த்தினால் போதும். விழுந்த இலையைக் குப்பைப் பையில் கட்டாமல் மரத்தடியில் பரப்பினால் போதும். ஆனால் இலை கிடந்தால் அசிங்கம். தண்ணீர் வீணாய் ஓடினால் அழகு!

தண்ணீர் விஷயத்தில் நமக்கு ரோஷம் வராமலும் இல்லை. 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் ஜோகூர் ஆற்றிலிருந்து ஒரு நாளைக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம், 1,000 கேலனுக்கு 3 காசு, 2061 வரை. இந்த 3 காசு என்றால் மேடையில் மைக் உடையும். நியாயமான கோபம்தான். ஆனால் அந்தப் பக்கம் 2003 முதல் கழிவுநீரையே சுத்திகரித்துத் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள். இந்தப் பக்கம் நாம் குடிநீரில் கார் நிறுத்துமிடத்தைக் குளிப்பாட்டுகிறோம். யாருக்கு எதை மலிவாக விற்றோம் என்று கொஞ்சம் இங்கேயும் மைக்கை உடைக்கலாம்.

2015-இல் அணைகளில் நீர் இறங்கி, மாசாய், பாசிர் கூடாங், கோத்தா திங்கி மக்களுக்கு அட்டவணை போட்டுத் தண்ணீர் விட்டார்கள். வாளியோடு லோரிக்குப் பின்னால் நின்றவர்களுக்கு அது நினைவிருக்கும். 2016 அக்டோபரில் லிங்கியூ நீர்த்தேக்கம் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2019-இல் ஜோகூர் ஆற்றில் அம்மோனியா கலந்து சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றன. 2024 பிப்ரவரியில் வீட்டுத் தண்ணீர்க் கட்டணம் கன மீட்டருக்குச் சராசரியாக 22 காசு ஏறியது. தண்ணீரின் அருமை தெரிய வேண்டுமல்லவா, அதனால் நாம் பல் தேய்க்கும்போது குழாயை மூட வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டியே வைக்கிறார்கள், சொட்டும் குழாயை வரையச் சொல்லி. சுற்றும் தெளிப்பானை வரைந்த பிள்ளைக்குப் பரிசு கிடைத்ததாகத் தெரியவில்லை.

செம்பனையைச் சாய்த்து எழுந்த கூலாய், செடெனாக் பக்கத்துத் தரவு மையங்களின் தாகம் வேறு கதை. அதிகம் குடிக்கும் முதலாம், இரண்டாம் நிலை மையங்களுக்கு இனி அனுமதியில்லை என்று மாநில அரசே 2025-இல் கதவைச் சாத்த வேண்டி வந்தது. 7 லட்சம் பேருக்கென்று கடலைத் தூர்த்துத் திட்டமிட்ட ஃபாரஸ்ட் சிட்டியில் ஆளைவிட மாடத்துச் செடிகள் அதிகம். பெயரிலேயே காடு இருப்பதால் மரியாதையாக நகர்ந்துவிடுவோம்.

இத்தனைக்கும் அங்காடி நிர்வாகத்தில் இருப்பவர்கள் முட்டாள்கள் இல்லை. கணக்கில் கெட்டி. அங்காடிக் கடைக்காரர்கள் வாடகையோடு சதுர அடிக்கு இவ்வளவு என்று பராமரிப்புக் கட்டணமும் கட்டுகிறார்கள். தெளிப்பானின் பில் அதற்குள் ஒளிந்திருக்கிறது. பூமாலை கட்டுகிறவரும், முடி வெட்டுகிறவரும், ரொட்டி சானாய் போடுகிறவரும் சேர்ந்து தாருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தண்ணீர் மிச்சமானால் நிர்வாகத்துக்கு லாபம் இல்லை, வீணானால் நட்டம் இல்லை. பிறகு எந்தப் பைத்தியக்காரன் பம்பைப் பழுது பார்ப்பான்?

அதனால்தான் தோட்டத்துக்குத் தனி மீட்டர் வைக்கச் சொன்னால் மட்டும் முகம் வெளிறுகிறது. சொட்டுக்குழாய் வேண்டுமா, உடனே. பலகை வேண்டுமா, இரண்டாக. மீட்டர் என்றால் கமிட்டி கூடி ஆலோசிக்கும். கடைக்காரர்களே, அடுத்த கூட்டத்துக்கு எல்லாருமாகப் போங்கள். போன மாதம் புல் எவ்வளவு குடித்தது, அதில் எங்கள் காசு எவ்வளவு என்று கேளுங்கள். பசுமைச் சான்றிதழைச் சட்டத்தோடு கழற்றிக் கொண்டுவந்து காட்டுவார்கள். ஆணியில் திரும்ப மாட்டிவிட்டு, பில்லை எடுத்துவரச் சொல்லுங்கள்.