ஊழியத்தில் சந்தோஷம் வராமல் தப்பிக்கச் சில வழிகள்

குருப்பட்டம் வாங்கி, புது அங்கியின் மடிப்புக்கூடக் கலையாமல் முதல் சேகரத்துக்கு வந்து இறங்கியிருக்கும் ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். ஊழியம் சந்தோஷமானது என்று இறையியல் கல்லூரியில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். உண்மைதான். கொஞ்சம் அசந்தால் உங்களுக்கும் அது வந்துவிடும். பின்பெஞ்சில் உட்கார்ந்து பல குருமாரைப் பார்த்தவன் என்ற உரிமையில், அது வராமல் தப்பிக்கும் வழிகளைச் சொல்கிறேன்.

முதல் வேலையாக, வீடு சந்திப்பை உபதேசியார் தலையில் கட்டிவிடுங்கள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சேகரம் என்றால் அதற்குள் பல ஊர்ச் சபைகள் இருக்கும். எல்லா வீட்டுக்கும் நான் எப்படிப் போவது என்று கேட்டால் ஒருவரும் மறுத்துப் பேச மாட்டார்கள். தப்பித்தவறிப் போய்விட்டால்தான் ஆபத்து. ஐயர் வருகிறார் என்று தெரிந்ததும், கட்டிலோடு கிடக்கும் பாட்டி காலையிலேயே தலை சீவச் சொல்லி, முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக் காத்திருப்பாள். சின்னக் கிண்ணத்தில் திராட்சை ரசத்தை ஊற்றி நீட்டினால், கை அத்தனை நடுங்கினாலும் ஒரு சொட்டு சிந்தாமல் வாங்கிக் குடிப்பாள். ஜெபம் முடிந்து நீங்கள் எழும்பும்போது தலையணைக்கு அடியிலிருந்து சுருட்டிவைத்த பத்து ரூபாய் வெளியே வரும். வாங்க உங்களுக்கு மனசு வராது. வாங்காமல் அவள் விடமாட்டாள். இப்படி ஒரு தடவை மாட்டிக்கொண்டால் போதும், அடுத்த வாரமும் கால் தானாக அந்தத் தெருவுக்கே போகும்.

மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி, மாணவர்களை வளாகத்துக்கு வெளியே, எளிய மக்களோடு குடியிருக்கவைத்துப் படிக்கவைத்ததற்குப் பேர்போனது. அங்கே படித்தவரானால் பழைய பழக்கம் விடுவது கஷ்டம். நல்ல கார் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தெருவுக்குள் நுழையும்போது கண்ணாடி ஏற்றியே இருக்கட்டும்.

வாழ்க்கை வரலாறுகள் பக்கம் போகாதீர்கள், முக்கியமாக வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் பக்கம். வெள்ளாளன்விளையில் குருவானவரின் மகனாகப் பிறந்தவர். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். சங்கம் தொடங்கினோமா, செயலாளர் நாற்காலியில் இருந்தோமா என்று இராமல், தானே தெலுங்கு நாட்டுக்குப் புறப்பட்டுப் போனார். 1912இல் தோர்ணக்கல்லுக்கு அத்தியட்சரானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். அதற்கு மேலாவது பங்களாவில் காலை நீட்டி உட்காரலாம் அல்லவா? மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் மாலா, மாதிகா மக்களின் குடிசைகளைத் தேடிப் போனார். ஞானஸ்நானம் பெறுகிறவரைத் தன் தலைமேல் தானே கைவைத்து, நானும் நற்செய்தி சொல்வேன் என்று பொருத்தனை பண்ணவைத்தார். கூலிவேலைக்குப் போகிறவரை அன்றைக்கே சீஷராக்கிவிடும் வேலை இது. இதைச் செய்யும் சபையில் குருவானவரின் சீஷத்துவத்தையும் நாலு பேர் உற்றுப் பார்க்க ஆரம்பிப்பார்கள். சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிரியாணி ஆறுகிறது என்று ஞாபகப்படுத்துவதே உங்களுக்குப் பத்திரம்.

பிரசங்கத்தில் லூக்கா ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். தலைசாய்க்க இடமில்லாதது, கலப்பையில் கைவைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பது என்று ஆண்டவர் கொஞ்சம் கறாராகப் பேசிய இடம் அது. குருமனைக்கு ஏசி கேட்டுச் சேகர கமிட்டியில் தீர்மானம் நிலுவையில் இருக்கும் மாதத்துக்குப் பொருந்தாது. வீடு, வாகனம், விசா என்று ஆசீர்வாதத்தைப் பற்றியே பேசுங்கள்.

துட்டி வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. அடக்க ஆராதனையைப் புத்தகத்தைப் பார்த்து வாசித்துவிட்டு வந்துவிடுங்கள். ஆனால் பந்தல் பிரித்து, சொந்தபந்தம் எல்லாம் பஸ் ஏறினபிறகு போய்விடாதீர்கள். அப்போது அந்த வீட்டில் யார் முதலில் பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். நீங்களும் பேசாமல் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால், எத்தனையோ வருஷம் கழித்து, மாற்றலாகிப் போன ஊருக்கும் கல்யாணப் பத்திரிகையோடு தேடி வந்து நிற்பார்கள். உங்கள் பிரசங்கம் ஒன்றுகூட அவர்களுக்கு ஞாபகம் இருக்காது. அன்றைக்கு உட்கார்ந்தது மட்டும் ஞாபகம் இருக்கும்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். முருங்கைக்காய்க் கட்டு, பூசணிக்காய், காலைக் கட்டிய சேவல் எல்லாம் கோயில் வாசலில் வரிசையாக இருக்கும். யாரோ ஓர் அம்மா கோழி இட்ட முதல் முட்டையைக் கொண்டுவந்து வைத்திருப்பாள். மாமனும் மச்சானும் போட்டி போட்டு ஏற்றி, கடை விலையைப்போலப் பல மடங்குக்கு அந்த முட்டையை எடுப்பார்கள். எடுத்தவர் கையிலேயே வைத்துக்கொள்வாரா? திரும்ப ஏலத்துக்கே கொடுத்துவிடுவார். முட்டை கை மாறிக்கொண்டே இருக்கும், கூட்டம் சிரித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சிரிப்பில் மாட்டாமல் இருக்கவேண்டுமானால் முன்வரிசையில் சிறப்பு விருந்தினர் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

இத்தனைக்கும் மசியாமல் சந்தோஷம் வந்தேவிட்டால், திருமண்டலத் தேர்தல் இருக்கவே இருக்கிறது. ஏதாவது ஓர் அணியில் சேர்ந்துவிடுங்கள். இந்த மருந்து கேட்காமல் போய் நான் பார்த்ததில்லை.

கடைசியாக ஒரு தகவல், உஷாராக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். தெற்குத் தெருவில் ஒரு பையன், திருப்பூரில் வேலை போய் ஊருக்கு வந்திருக்கிறான். கோயில் பக்கமே தலைவைப்பதில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாய்க்கால் பாலத்துச் சுவரில் தனியாக உட்கார்ந்திருப்பான். அந்த வழியாகப் போகாதீர்கள். அப்படியே போவதானாலும் அங்கியோடு போகாதீர்கள் ஐயா, பார்த்ததும் எழுந்து போய்விடுவான்.