விழுப்புரம் முதல் திண்டிவனம் வரை நன்றி சொல்வது எப்படி?

காலையில் எழுந்ததும் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்து, கிடைத்ததற்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டுமாம். விழுப்புரத்தில் குடியிருந்து திண்டிவனத்தில் வேலை பார்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் மாற்றிச் செய்ய வேண்டும். கண்ணை மூடினால் பால் பொங்கிவிடும்.

முதலில் மோட்டாரைப் போடுங்கள். அது ஓடும்வரை எந்த நன்றியும் காதில் விழாது. தொட்டி வழிந்து, கீழ்வீட்டு அக்கா "மோட்டார நிறுத்துங்க" என்று குரல் கொடுத்து, நீங்கள் ஓடிப்போய் சுவிட்சைத் தட்டியதும் ஓர் அமைதி வரும் பாருங்கள், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த குக்கர் விசில் வரைதான் அதற்கு ஆயுள்.

2003இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம், வாரம் ஒருமுறை நன்றிக்குரிய ஐந்து விஷயங்கள் வரை எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களுக்கு வாழ்க்கை கொஞ்சம் நல்லதாகவே தோன்றியது. குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு கையில் சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் ரயில் கம்பி என்று நிற்பவர் நோட்டை எந்தக் கையால் பிடிப்பார்? நம் முறையில் எழுத்து வேலை கிடையாது.

விழுப்புரம் ஜங்ஷனில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கம் தண்டவாளம் பிரிகிறது. ஏறியது சரியான வண்டிதான் என்று தெரிந்ததும் முதல் நன்றியைச் சொல்லிவிடலாம். ஜன்னல் சீட்டுக்கு ஆசைப்பட வேண்டாம், அது உயர்நிலைப் பயிற்சி.

முண்டியம்பாக்கம் தாண்டி, விக்கிரவாண்டிக்கு முன்னால் ஒரு பாலம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல், பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 51 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. வெள்ளம் இந்தப் பாலம்வரை ஏறி, ரயில்கள் நின்றுபோயின. அதைப் பார்த்தவர்கள் இன்று வண்டி தடதடவென்று பாலத்தைக் கடக்கையில் செல்போனிலிருந்து ஒரு நொடி தலை தூக்குகிறார்கள். அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

பேரணி ஸ்டேஷன் பக்கம் எக்ஸ்பிரஸ்ஸுக்கு வழிவிட வண்டி நின்றால் சலித்துக்கொள்ளாதீர்கள். சக்கரச் சத்தம் ஓய்ந்து, வயல் காற்று உள்ளே வரும். "எப்பதான் எடுப்பான்?" என்று எதிர்சீட்டு அண்ணன் கேட்பதற்குள் பயிற்சியை முடித்துவிட வேண்டும்.

மாலை வண்டிக்கு இந்த முறை பொருந்தாது.