ஓட்டை போடறதுக்கு முந்தி ஒரு பேச்சு, கண்ணு

ஏங்கண்ணு, அந்தக் கை ட்ரில்லை மொதல்ல கீழ வெய்யி. உன்ற பூல் க்யூவோட அடிக்கட்டையில ஓட்டை போட்டு எக்ஸ்டென்ஷன் மாட்டோணும், அதுதானே சேதி? பந்து எட்டலையாம்! ஒன்பதடி மேசையில ஆடற எடம் 100 அங்குல நீளம், 50 அங்குல அகலம். உன்ற க்யூ 58 அங்குலம். அகலத்தை விட எட்டங்குலம் எச்சாவே இருக்குது. அப்பிடியும் எட்டலைன்னா, கொறை குச்சியிலயா, ராத்திரி பன்னெண்டு மணிக்கு நீ தேடிப் போற பிரியாணியிலயா? நாங் கேக்கலப்பா, பாக்கறவன் கேப்பான். வயித்தை மேசை மேல பரப்பி ரெண்டு காலையும் தூக்கீட்டு அடிச்சா ஃபவுலு. ஒரு காலாச்சும் தரையில இருக்கோணும். அதுக்குப் பயந்துதான் அப்புச்சியைத் தேடி வந்திருக்கற.

எட்டாத பந்துக்குக் குச்சியைத் தாங்கற ரெஸ்ட்டை எடுத்து அடியேன்னா கௌரவம் போயிருமாம். ஸ்னூக்கர் ஆடற ரோனி ஓ'சல்லிவன் எட்டலைன்னா இடது கைக்கு மாத்தீட்டு அடிப்பாரு. 1996 உலகப் போட்டியில எதிராளி கோவிச்சுக்கற அளவுக்கு இடது கையில வெளுத்தவரு. நீ வலது கையில அடிக்கறதைத்தான் நாம்ப பாத்துட்டு இருக்கறமே, அந்தப் பேச்சை விட்டுரலாம்.

ஆனா ஒண்ணு, எக்ஸ்டென்ஷன் கேக்கறது தப்பில்ல. முன்னங்கையை மேசை நடுவுக்கு நீட்டுனா, பின்னங்கைக்குப் புடிக்கறதுக்குக் குச்சி பத்தாது. ரெஸ்ட் வெச்சு அடிக்கறவனுக்கும் அதே கதிதான். ஸ்னூக்கர்காரங்க இதை எப்பவோ கண்டுக்கிட்டாங்க. அவங்க மேசை பன்னெண்டடிக்கு ஆறடியாச்சே! மேசைக்கு அடியில நீளக் க்யூவும் அதுக்கேத்த ரெஸ்ட்டும் கொக்கியில மாட்டியிருக்கும். 1875ல ஜபல்பூரு ராணுவ மெஸ்ஸுல பொறந்த ஆட்டத்துக்கு, 1882ல விதி எழுதி மாட்டுனது நம்ம ஊட்டி கிளப்புலதான். மலையேறிப் போயி ஆடுன தொரைமாருக்கே கை எட்டல. உனக்கு எட்டலைன்னா கவலைப்படாத.

சரி, வேலைக்கு வா. அடியில இருக்கற ரப்பர் பம்பரைக் கழட்டிப் பாத்தியா? பாக்கல! ஓட்டை போட வந்தவன், ஏற்கெனவே ஓட்டை இருக்குதான்னு பாக்கோணும்ல? சிலது முறுக்குனா வரும், சிலது இழுத்தாத்தான் வரும். சிலதுல பம்பர் நடுவுலயே ஓட்டை விட்டிருப்பாங்க, அதைக் கழட்டாமலே எக்ஸ்டென்ஷனை மாட்டிக்கலாம். பம்பரு வந்ததும் டார்ச் அடிச்சு உள்ள பாரு. முக்காவாசிக் க்யூவுல எடை போல்ட்டு ஒண்ணு ஒக்காந்திருக்கும். ஆலன் கீயோ ஸ்க்ரூ ட்ரைவரோ விட்டுத் திருகுனா வெளிய வந்துரும். அந்தப் போல்ட்டு ஏறுன மரை இருக்குது பாரு, அதுதான் உனக்குச் சொத்து. 3/8 அங்குலமும் இருக்கும், 1/2 அங்குலமும் இருக்கும், அது கம்பெனியைப் பொறுத்தது. அதே அளவு மரை வெச்ச எக்ஸ்டென்ஷனு கிடைச்சா, உனக்கு என்ற லேத்தே வேண்டாம். என்ற வருமானம் போச்சு, போகட்டும்.

மரையும் இல்லையா? அப்பவும் அவசரப்படாத. சொருகற எக்ஸ்டென்ஷனு ஒண்ணு விக்கறாங்க. உலக்கைக்குப் பூண் மாட்டற மாதிரி பின்னாடி இருந்து ஏத்தி இறுக்கிக்கலாம், உள்ள ரப்பர் இருக்கும், இழுத்தா நீளறதும் உண்டு. மரத்துல ஒரு கீறல் விழுகாது. அதைச் சொன்னா மூஞ்சியைச் சுளிக்கற. அழகா இல்லையாம். பந்து குழியில விழுகோணுமா, உன்ற குச்சி கல்யாண மாப்பிள்ளையாட்டம் நிக்கோணுமா? அதை நீயே முடிவு பண்ணிக்கோ.

ஓட்டைதான் போடுவேன்னு நின்னா, கேட்டுக்கோ. மோட்டார் பம்பு ஷாஃப்ட்டுக் கடைஞ்ச கை இது. கையில ட்ரில்லைப் புடிச்சு மரத்துல நேரா எறக்கறன்னு சொல்றவனை நான் நம்பறதில்ல. ட்ரில்லு பிட்டு மரத்தோட நாரு போற பக்கமே போகும். ஓட்டை ஒரு டிகிரி சாஞ்சா, ஓரடி எக்ஸ்டென்ஷனோட நுனி அஞ்சு மில்லிமீட்டருக்கு மேல விலகீரும். மேசையில உருட்டிப் பாரு, நொண்டியடிக்கும். அடிக்கறப்ப பின்னங்கை ஒரு பக்கம், டிப்பு ஒரு பக்கம். அப்பறம் ‘டேபிள் சரியில்ல’ம்ப.

அதனால லேத்துதான். அடிக்கட்டை சுமாரா 29 அங்குலம் இருக்கும், தடிச்ச எடம் ஒண்ணேகால் அங்குலத்தைத் தொடும். அது ஹெட்ஸ்டாக் துளைக்குள்ள பூந்து போகற லேத்தா பாக்கோணும். சக்கு பல்லு பாலீஷைக் கடிச்சுரும், நைலான் காலரு போட்டுப் புடிக்கோணும். அந்தப் பக்கம் வெளிய நீட்டற ஜாயிண்ட்டு முனையையும் தாங்கு குடுத்து நிறுத்தோணும், இல்லாட்டி சுத்தறப்ப சாட்டையாட்டம் ஆடும். டயல் கேஜை வெச்சு, முள்ளு அசையாத வரைக்கும் சரி பண்ணோணும். பொறுமை இங்கதான் வேணும். உனக்கு அது எந்தக் கடையில கிடைக்கும்னு எனக்குத் தெரியல.

மொதல்ல சென்டர் ட்ரில்லு, அப்பறம் சின்னப் பிட்டு, கடைசி அளவுக்குப் போரிங் டூலு. பழைய ஓட்டை கோணலா இருந்தா பிட்டு அதே வழியிலதான் போகும். போரிங் டூலுதான் அதை நேராக்கும். அடியில வெள்ளையாவோ கருப்பாவோ பிளாஸ்டிக் தொப்பி இருந்தா, சூடு ஏறி உருகாம மெதுவாப் போ. ஓட்டை முடிஞ்சதும், அதுக்குள்ள பித்தளையிலயோ அலுமினியத்துலயோ மரை வெட்டுன இன்செர்ட்டை எபாக்ஸி பசை போட்டு எறக்கோணும். இங்கதான் கெட்டிக்காரங்களே மாட்டிக்குவாங்க. இன்செர்ட்டை அழுத்தறப்ப உள்ள இருக்கற காத்தும் பசையும் வெளிய வர வழி இல்லைன்னா, மரம் வெடிச்சுரும். பக்கவாட்டுல ஒரு சின்னக் கோடு கீறி விட்டாப் போதும், பசை அதுல கசிஞ்சு வெளிய வந்துரும். மரைக்குள்ள பசை போகாம மெழுகு தடவுன போல்ட்டை மாட்டி வெய்யி. மெழுகை மறந்தியோ, போல்ட்டும் க்யூவும் ஏழேழு ஜென்மத்துக்கும் பிரியாது.

பசை காஞ்சதும் அடிக்கட்டை முனையோட முகத்தை லேத்துலயே சமமாக் கடையோணும். எக்ஸ்டென்ஷனைத் தாங்கறது மரை இல்ல, அந்த முகம்தான். ரெண்டு முகமும் பொருந்தாம இடைவெளி விட்டா அடிக்கறப்ப ‘டக் டக்’குன்னு கேக்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து நீ இன்னும் இறுக்குவ. இறுக்க இறுக்க இன்செர்ட்டு கழண்டு கையோட வரும்.

எடையையும் நெனைச்சுக்கோ. பூல் போட்டி விதியில க்யூ 40 அங்குலத்துக்குக் கொறையக் கூடாது. மேல எம்புட்டு நீளம் வேணும்னாலும் போகலாம், ஊட்டி வரைக்கும் நீட்டிக்கோ. ஆனா எடை 25 அவுன்சைத் தாண்டக் கூடாது, அதாவது 708 கிராம் சொச்சம். உன்ற க்யூ 19 அவுன்சுன்னா, அதுல பித்தளையையும் எக்ஸ்டென்ஷனையும் ஏத்துனப்பறம் தராசுல வெச்சுப் பாரு. எடை பின்னாடி போனா முன்பக்கம் லேசாத் தூக்கும், அதையும் பழகிக்கோணும். கழட்டுன எடை போல்ட்டைத் தொலைச்சுராத. கம்பெனி வாரண்டி இருந்தா, ஓட்டை போட்டதும் அதுக்கு ஒரு கும்புடு போட்டுரு.

ஞாயித்துக்கெழமை காலையில வா. 24 மணி நேரத்துல காயற எபாக்ஸி வாங்கிட்டு வா, அஞ்சு நிமிசப் பசை வேண்டாம். லேத்துக் கூலி தனி.