ஆகாது சார்

ஏரியைப் பார்த்த ஃபிளாட் என்று சொல்லி விற்ற பெரும்பாக்கத்துக் குடியிருப்புகள் ஒவ்வொன்றிலும் மூன்று பேர் தவறாமல் இருப்பார்கள். லிஃப்டுக்குள் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்பவர், பராமரிப்புப் பணம் கட்டாமலே கூட்டத்தில் முதல் கேள்வி கேட்பவர், மூன்றாவது ‘ஆகாது சார்’. முதலிரண்டு பேரைச் சமாளித்துவிடலாம். மூன்றாமவரிடம் தப்ப வேண்டுமானால் உங்களிடம் நாயும் இருக்கக் கூடாது, கையில் தின்பண்டமும் இருக்கக் கூடாது.

சார் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் நாய் கிடையாது. கேட்டால், “கணக்குப் பார்க்கிறவன் கல்லாவில உட்காரப்படாது” என்பார்.

மாலை நடையில் லாப்ரடாரோடு வரும் ஐடி தம்பிதான் முதல் கேஸ்.

“பாக்கெட்ல என்னப்பா?”

“சாக்லேட் சார்.”

“பால் சாக்லேட்டா, டார்க்கா?”

“டார்க்.”

“அது இன்னும் மோசம். தியோப்ரோமின் ஜாஸ்தி. நமக்குச் சீக்கிரம் செரிச்சிடும். நாய்க்கு உடம்பிலேயே தங்கி, நெஞ்சு படபடன்னு அடிக்கும், வலிப்பு வரும். ஆகாது.”

“சார், இது எனக்கு.”

“நீ கீழே போட்டுட்டா?”

தம்பி சாக்லேட்டை எடுத்து வைத்துவிட்டு, சர்க்கரை இல்லாத சூயிங்கம்மை வாயில் போட்டுக்கொள்ளப் பார்த்தான். சார் விடவில்லை. “அதுல ஸைலிட்டால் இருக்கா பாரு. நமக்குப் பாதகமில்லை. நாய் முழுங்கினா இன்சுலின் பொங்கி, ரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போயிடும்.” தம்பி இப்போது வெறும் வாயோடுதான் நடக்கிறான்.

வாசலில் மணி என்றொரு தெருநாய். அதற்கு பி பிளாக் மாமி எவர்சில்வர் கிண்ணத்தில் சாம்பார் சாதம் கொண்டுவருவார்.

“மாமி, வெங்காயம் போட்டதா?”

“சின்ன வெங்காயம்தான்.”

“சின்னதோ பெரிசோ, வதக்கினாலும் பொடி பண்ணினாலும் நாயோட சிவப்பணுவை உடைக்கும். பூண்டும் அப்படித்தான்.”

அடுத்த முறை மாமி அமாவாசையாகப் பார்த்து வந்தார். “இன்னிக்கு வெங்காயமும் இல்லை, பூண்டும் இல்லை. என்ன சொல்றேள்?”

சார் கொஞ்சம் தடுமாறினார். ஆட்சேபணை இல்லாத ஃபைலை அவர் சர்வீசிலேயே பார்த்ததில்லை. கிண்ணத்தை முகர்ந்தார். முகம் மலர்ந்தது.

“புளி! திராட்சை தின்ற நாய்க்குக் கிட்னி போகுதே, அதுக்கு டார்டாரிக் அமிலம்தான் காரணமா இருக்கும்னு 2021ல அமெரிக்க டாக்டர்கள் எழுதியிருக்காங்க. அந்த அமிலம் புளியிலதான் கொட்டிக் கிடக்கு.”

“அப்போ பாயசம்?”

“திராட்சை போட்டீங்களா?”

“போட்டேன்.”

“ஆகாது.”

“சரி, நீங்களாவது சாப்பிடுங்கோ.”

“எனக்கு சுகர்.”

இதில் எரிச்சல் என்னவென்றால், மனுஷர் சொல்வதில் தப்பே இருக்காது. செயலாளர் ஒருநாள் மடக்கிப் பார்த்தார். “எங்க ஊர்ல நாயெல்லாம் மீன்குழம்புச் சோறு தின்னுதான் வளர்ந்துச்சு. ஒண்ணும் ஆகலையே!”

“ஆகலைன்னு யார் பார்த்தா? செத்த நாயை எல்லாம் போஸ்ட்மார்ட்டம் பண்ணினாங்களா?”

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பெரும்பாக்கத்தை ஏரியோடு சேர்த்தபோது, மணி முதல் மாடிப் படிக்கட்டில் குடியேறியது. கரண்ட் இல்லை. சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. பிரித்தால் புளியோதரை. எல்லோரும் சாரைப் பார்த்தார்கள். சார் தன் பங்குக்கு வந்த பன்னை எடுத்தார். டார்ச் வெளிச்சத்தில் உலர்திராட்சையை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துவிட்டு, பன்னை மணிக்குப் போட்டார். கிள்ளிய திராட்சை கீழே கிடந்தால் ஆபத்து என்று அவ்வளவையும் தானே தின்றார். சுகர் அன்று ஞாபகத்துக்கு வரவில்லை.

தண்ணீர் வடிந்ததும் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஏறியது. ஆகாதவை: சாக்லேட், திராட்சை, வெங்காயம், பூண்டு, புளி, காபி, மது, எண்ணெய்ப் பலகாரம், பிரியாணி எலும்பு (வெந்த எலும்பு சிலும்பாகி குடலைக் கிழிக்கும்). ஆகும்: உப்பும் மசாலாவும் இல்லாத சோறு, வேகவைத்த முட்டை, எலும்பில்லாத கோழி, கேரட், பரங்கிக்காய், விதை எடுத்த தர்பூசணி.

தினமும் தன் டிபனில் பாதியை மணிக்கு வைக்கும் ஹவுஸ்கீப்பிங் அக்கா துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டு அதை முழுக்கப் படித்தார்.

“எல்லாம் சரி சார். என் டிபன்ல சாம்பார் சோறுதான் இருக்கும், அதான் வைக்கிறேன். இந்த முட்டை, கோழியெல்லாம் யாரு வைக்கணும்னு இதுல எங்கே போட்டிருக்கு?”

‘நிதி ஒதுக்கீடு எங்கே?’ என்று ஊரையெல்லாம் கேட்டு ஓய்வு பெற்றவரைப் பார்த்து அதே கேள்வியை முதன்முதலாக ஒருவர் கேட்டுவிட்டார். ஆகாது என்று சொல்லக் காசு வேண்டாம். ஆகும் என்றால் முட்டை வாங்க வேண்டும்.

சார் வீடு சுத்த சைவம். அதனால் இப்போது காவலாளியின் கெட்டிலில் தினம் ஒரு முட்டை வேகிறது. அதற்கென்று ஒரு ரிஜிஸ்டரும் உண்டு: தேதி, எண்ணிக்கை, தொகை. ‘பெற்றுக்கொண்டவர் கையொப்பம்’ என்ற கட்டத்தில், மணிக்காக அக்கா போடுகிறார்.