பூஜ்ஜியமாகிப் போன முந்திரி

கேள்வி: எக்ஸெலில் 320 கட்டங்களிலும் 0.00 என்றே தெரிகிறது; கூட்டினால் மட்டும் 1.00 வருகிறதே, கணினி பொய் சொல்லுகிறதா?
– கல்லூரி மாணவி, திருப்புலிவனம்

பதில்: பொய்யன்று. ஒவ்வொரு கட்டத்திலும் 1/320, அதாவது நம் முன்னோர் முந்திரி என்றழைத்த 0.003125 இருக்க, இரண்டு தசம ஸ்தானங்களுக்கு மேல் காட்டலாகாது என்று தாங்கள் இட்ட கட்டளைக்குப் பணிந்து, முகத்தில் பூஜ்ஜியத்தைக் காட்டிக்கொண்டு உள்ளத்தில் உண்மையைப் பத்திரமாக வைத்திருக்கிறது கணினி. ‘ரவுண்ட்’ என்னும் முழுமையாக்கும் சூத்திரத்தை இட்டிருந்தாலோ, முந்திரி மெய்யாகவே மாண்டு, கூட்டுத்தொகையும் பூஜ்ஜியமாகியிருக்கும்.

இதைப் பிரத்தியட்சமாகக் காண, முதல் பத்தியில் 1 முதல் 40 வரை எழுதி, இரண்டாவதில் அவற்றை 320ஆல் வகுத்து, மூன்றாவதில் அவ்விடைகளை இரண்டு தசமங்களுக்கு முழுமையாக்கி, பின்னிரண்டு பத்திகளையும் ஒரே வரைபடத்தில் வரையுங்கள். ஒன்று நேர்கோடாகவும் மற்றது அதன் மேலும் கீழுமாகத் தழுவி ஏறும் படிக்கட்டாகவும் தோன்றும். கோட்டுக்கும் படிக்கும் உள்ள இடைவெளியே பிழை. அது எங்கும் 0.005ஐத் தாண்டாது என்பதைக் கண்ணாலேயே அளந்துவிடலாம்.

அற்பப் பிழைதானே என்று எண்ணவேண்டாம். தங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுச் சாசனம், ஊர்ச்சபைக்கு ஆளெடுக்கக் குடத்தில் இடும் குடவோலையில் பெயர் இடம்பெறக் கால் வேலிக்கு மேல் இறைநிலம், அதாவது வரி செலுத்தும் நிலம், வேண்டுமென விதிக்கிறது. சரியாக 0.25 வேலி உடையவனை ஒரு தசமத்துக்கு முழுமையாக்கினால் 0.3 ஆகி, தகுதியற்றவன் பெயரும் குடத்துக்குள் விழுந்துவிடும்! ஆகையால், கணக்கு முடியும் வரை எண்ணை முழுமையாக்காதீர்கள். இறுதி விடையை மட்டும் முழுமையாக்குங்கள்.