12 முதல் 16 வயதுவரை

யேர்மனியின் ரூர் வட்டாரத்தில் எந்தத் தமிழ் நிகழ்ச்சிக்குப் போனாலும் அவரைக் காணலாம். மண்டபத்தில் குளிர்ச் சட்டை கொழுவும் இடத்துக்கும் ரோல்ஸ் விற்கும் மேசைக்கும் நடுவே, சில்லுப் பெட்டி ஒன்றோடு நிற்பார். பயணம் போகிறாராக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டிக்குள் இருப்பது நாற்பது புத்தகம். அட்டையில் ஒரு பையன், ஒரு பெண்பிள்ளை, ஒரு நாய். பின்னால் கொலோன் தேவாலயக் கோபுரம், கோபுரத்துக்குப் பக்கத்தில் எப்படியோ ஒரு பனை. பின்னட்டையில் கட்டம் கட்டி அச்சிட்டிருக்கும்: "12 முதல் 16 வயதுவரையான இளையோருக்கு."

இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் இளையோர் மாமா. ஒரே ஆள் என்று எண்ண வேண்டாம். எசனில் ஒருவர் இருக்கிறார், டோர்ட்முண்டில் இருவர், ஸ்ருட்கார்ட் பக்கமும் ஒருவர். ஊருக்கு ஊர் மீசை மாறும், பெட்டி மாறாது.

பிள்ளையோடு வரும் தாயைக் கண்டால் மாமா வணக்கம் சொல்லமாட்டார், வயது கேட்பார். "பிள்ளைக்கு எத்தினை வயசு?" பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் இடையில் எதைச் சொன்னாலும் தப்ப வழியில்லை. பதினொன்று என்றால், "இப்பவே வாங்கி வையுங்கோ, வருசம் ஓடிப் போயிடும்." பதினேழு என்றால், "தம்பி தங்கச்சி இருக்கோ?" ஒருமுறை ஒரு தாய், பிள்ளைக்கு இருபத்திநான்கு, கலியாணம் பேசுகிறோம் என்றாள். "நல்லது, பேரப்பிள்ளையளுக்கு உதவும்" என்று இரண்டு பிரதியை எடுத்து நீட்டினார்.

மாமா எண்பதுகளின் நடுவில் வந்தவர். கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலில் மேற்குக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்த ஆயிரக்கணக்கான பெடியளில் ஒருவர். கையில் ஒரு தோள்பை. தலைக்குள் அம்புலிமாமாவின் வேதாளமும், 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகச் சிவகாசியிலிருந்து வந்த இரும்புக்கை மாயாவியும். அகதி முகாமில் இருந்தபடியே எழுதத் தொடங்கியவர். அந்தக் காலத்தில் யேர்மனித் தமிழரிடையே சிற்றிதழ்களுக்குக் குறைவில்லை. தூண்டில், பூவரசு என்று வந்துகொண்டிருந்தன. கையால் எழுதிப் போட்டோக்கொப்பி எடுத்துத் தபாலில் விட்டதும் உண்டு. மாமா அவற்றில் கவிதை எழுதினார், பகலில் உணவகத்தில் கோப்பை கழுவினார். எதை அதிகம் செய்தார் என்பதில் அவருக்கும் மாமிக்கும் இன்னும் வழக்கு இருக்கிறது.

மூத்த பிள்ளை ஏழு வயதில் "சாப்பிட்டியோ?" என்ற கேள்விக்கு டொச்சில், அதாவது யேர்மன் மொழியில், பதில் சொன்ன அன்று அவர் இளையோர் எழுத்தாளர் ஆனார். வேறு தகப்பன் என்றால் பிள்ளையைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்ப்பான். மாமா சேர்த்துவிட்டு, நாவலும் எழுதினார். நாவல் முடிந்தபோது பிள்ளைக்கு வயது பத்தொன்பது.

நாவலின் நாயகனுக்குப் பெயர் இளம்பரிதி. நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடமாகிறது. அபிஷனைக் கண்டிருக்கிறேன், நிலுக்சனைக் கண்டிருக்கிறேன், எண்சாத்திரம் பார்த்து ஒரு எழுத்தை இரண்டு முறை போட்ட பெயர்களை எல்லாம் கண்டிருக்கிறேன். இங்கே பிறந்த ஓர் இளம்பரிதியை இன்னும் காணவில்லை. அவன் காலையில் எழுந்து, "அன்னையே, தொடருந்துக்கு நேரமாகிறது, குளம்பி வேண்டாம்" என்பான். புத்தகத்தின் கடைசியில் பதினொரு பக்கத்துக்கு அருஞ்சொற்பொருள். தொடருந்து என்றால் புகையிரதம், குளம்பி என்றால் கோப்பி. புகையிரதம் என்றால் என்னவென்று தேடிய பிள்ளைக்கு அங்கே ஒன்றும் அகப்படவில்லை. அது வீட்டில் டொச்சில் 'சுக்' என்று சொல்லிப் பழகிய பிள்ளை.

கதை இதுதான். ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு வந்த அம்மம்மாவின் சங்கிலியை ஹெர் முல்லர் என்ற கள்ளன் அறுத்துக்கொண்டு பெர்லினுக்கு ரயிலேறுகிறான். இளம்பரிதி பெர்லினில் இருக்கும் மச்சாளுக்குத் தொலைபேசி எடுக்கிறான். ரயில் சரியாக 16:08க்கு வந்து நிற்கிறது. மச்சாள் மேடையில் நின்று ஒரு திருக்குறளை முழங்க, முல்லர் முழந்தாளில் விழுந்து அழுகிறான். மொத்தம் 214 பக்கம். அதில் 90 பக்கம் தேர் வீதியில்தான். அந்தத் தொண்ணூறைப் பழுது சொல்லமாட்டேன். கற்பூரப் புகைக்குள் தொழிற்பேட்டையின் புகைபோக்கி தெரிவதும், வெறுங்காலில் தார் வீதியின் சூடு ஏறுவதும் கண்ணால் கண்டவன் எழுதியது. பிள்ளைகள் வாய் திறக்கும்போதுதான் மாமாவின் கை நடுங்கும்.

ஒருநாள் கேட்டேன், "மாமா, இந்த வயசுப் பிள்ளையளோடை இருந்து கதைச்சுப் பாத்தனீங்களோ?"

"பிள்ளை, கார்ல் மே அமெரிக்காவைக் கண்டோ வின்னட்டூ எழுதினவர்?"

அது மெய்தான். வின்னட்டூ என்ற செவ்விந்தியனின் கதைகளால் யேர்மனியின் பாதிப் பையன்களைச் செவ்விந்தியராக்கிய கார்ல் மே, அமெரிக்காவுக்கு முதல் தடவை போனது 1908இல், இறப்பதற்கு நாலு வருடம் முன்னர். கதைகளில் பெரும்பாலானவற்றை அதற்கு முன்பே எழுதி விற்றுவிட்டார். ஆனால் கார்ல் மேக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில் ஒரு சமுத்திரம் கிடந்தது. மாமாவுக்கும் அவர் வீட்டுப் பதின்வயதுக்கும் நடுவில் கிடந்தது ஒரு கதவு.

வெளியீட்டு விழா மூன்று மணிக்கு என்று அழைப்பிதழ் சொல்லும். நாலரைக்கு விளக்கேற்றுவார்கள். அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, மூன்று வாழ்த்துரை, வெளியீட்டுரை, ஆய்வுரை, ஏற்புரை. ஆய்வுரை செய்தவர் 'இளையோர் இலக்கியத்தின் இன்றைய தேவை' பற்றி ஐம்பது நிமிடம் பேசினார். இளையோர் அந்நேரம் பின்கதவுப் படியில் ஒரு கைப்பேசியைச் சுற்றி ஒன்பது தலையாக இருந்தார்கள். முதற்பிரதியை வாங்கியவர் பலசரக்குக் கடைக்காரர். அவருக்குப் பிள்ளையே இல்லை.

விலை விஷயம் தனிக்கதை. யேர்மனியில் புதுப் புத்தகத்துக்கு ஒரே விலைதான். 2002இலிருந்து அதற்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. பதிப்பகம் குறித்த விலையில் மூலைக் கடையும் ஒரு சதம் குறைக்க முடியாது, பெரிய இணையக் கடையும் குறைக்க முடியாது. எங்கள் விழாவில் அந்தச் சட்டம் குளிர்ச் சட்டையோடு வாசலிலேயே கொழுவப்பட்டுவிடும். அதே புத்தகம் எனக்கு 20 யூரோ, சம்பந்தி வீட்டாருக்கு 50, கடைக்காரருக்கு உறைக்குள் எவ்வளவோ. மாமி ஒரு மூலையில் கொப்பியில் பெயரும் தொகையும் எழுதிக்கொண்டிருப்பார். அந்தந்த வீட்டுச் சாமத்தியச் சடங்குக்கு அதே தொகை திரும்பிப் போகவேண்டுமல்லவா?

சென்னையில் அச்சடித்து வந்த 300 பிரதியில் விழாவுக்குப் பிறகு மிஞ்சியவை கெல்லருக்கு, அதாவது வீட்டு நிலவறைக்கு, போகும். மாமா வீட்டுக் கெல்லரில் ஒரு பக்கம் பத்துக் கிலோ அரிசிப் பைகள், மறுபக்கம் காரின் குளிர்காலச் சில்லுகள், நடுவில் இளம்பரிதி.

ஆனாலும் அவர் தளர்ந்தவர் அல்லர். "என்ரை புத்தகம் யேர்மன் தேசிய நூலகத்திலை இருக்கு, தெரியுமோ?" என்பார். தெரியும். இந்த நாட்டில் பதிப்பிக்கும் ஒவ்வொரு நூலிலும் இரண்டு பிரதியைத் தேசிய நூலகத்துக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். ஒன்று லைப்சிக்குக்கு, மற்றது பிராங்க்பேர்ட்டுக்கு. சமையல் குறிப்பு எழுதியவரும் கொடுத்திருக்கிறார். நான் அதைச் சொல்லவில்லை. மியூனிக்கிலுள்ள சர்வதேச இளையோர் நூலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். ஹிட்லர் காலத்தில் நாட்டைவிட்டு ஓடவேண்டியிருந்த யெல்லா லெப்மன் என்ற யூதப் பெண்மணி, திரும்பி வந்து 1949இல் தொடங்கியது அது. இடிந்துபோன நாட்டின் பிள்ளைகளுக்கு முதலில் பிறநாட்டுக் கதைகள் வேண்டும் என்று நினைத்தவர். இருநூற்றுக்கு மேற்பட்ட மொழிகளின் சிறுவர் நூல்கள் இப்போது அங்கே ஒரு பழைய கோட்டைக்குள் இருக்கின்றன. இந்த ஒரு இடத்தில் மாமாவின் பெருமையில் எனக்கும் பங்குண்டு.

நிலைகுலைந்து நின்ற அவரை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். என் மகனுக்குப் பள்ளியில் 'ட்ஷிக்' பாடப் புத்தகமாக வந்திருந்தது. வொல்ஃப்காங் ஹெர்ன்டோர்ஃப் 2010இல் எழுதிய நாவல். மாமா எடுத்துப் புரட்டி, கதை என்னவென்று கேட்டார். பதினாலு வயதுப் பெடியள் இரண்டு பேர், களவெடுத்த ஒரு பழைய லாடா காரில் கோடை விடுமுறைக்குக் கிழக்கு யேர்மனியைச் சுற்றுகிறார்கள் என்றேன்.

"பிறகு பொலிஸ் பிடிச்சுத் திருத்துதாக்கும்?"

"அப்படித் திருத்தமெல்லாம் இல்லை மாமா. இதுக்கு 2011இலை யேர்மன் இளையோர் இலக்கியப் பரிசு குடுத்தவை."

"களவெடுத்த காருக்கோ!"

அந்தப் பரிசு 1956இலிருந்து இருக்கிறது, 2003இலிருந்து பிள்ளைகளே நடுவராக இருந்து தனியாக ஒரு பரிசும் கொடுக்கிறார்கள் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. கையிலிருந்த தேநீரை மேசையில் வைத்துவிட்டார். "பிள்ளையளோ தீர்ப்புச் சொல்லுறது? எழுதினவனுக்கோ?" அன்று அவர் வடையும் எடுக்கவில்லை.

தீர்ப்பு அவருக்கும் வந்தது, ஒரு சனிக்கிழமை. தமிழ் வகுப்பு முடிந்து நடையில் நிற்கையில் வழக்கம்போல என் மகனைப் பிடித்தார். "தம்பி, புத்தகம் வாசிச்சனியோ?" இந்தக் கேள்விக்கு "ஓம்" என்று சொல்லிக்கொண்டே ஓடுவதுதான் பிள்ளைகளிடையே மரபு. என் மகன் ஓடவில்லை. அந்தக் கிழமை அவனுடைய கைப்பேசி என்னிடம் பறிமுதலாகி இருந்தது. அருஞ்சொற்பொருளைக் கையில் வைத்துக்கொண்டு மெய்யாகவே வாசித்திருந்தான்.

"ஓம் மாமா. 163ஆம் பக்கத்திலை ஒரு பிழை."

"அச்சுப் பிழையோ? அது சென்னையிலை அடிச்சது..."

"இல்லை. ஐ.சி.இ. 16:08க்கு வரவேண்டியது, 16:08க்கே வந்திட்டுது."

"வந்தால் என்ன?"

"இது ஃபாண்டசிப் புத்தகமோ மாமா? பின்பக்கத்திலை அப்பிடிப் போடேல்லையே."

நடையில் நின்ற பெற்றோர் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பிந்திப் பிந்தி வரும் யேர்மன் ரயிலில் ஏறி இறங்கும் எவருக்கும் அடக்க முடியாத சிரிப்பு. மகன் சிரிக்கவில்லை. அவன் குறை சொல்லவில்லை, விவரம் கேட்கிறான். "மற்றது, முல்லருக்குத் தமிழ் தெரியுமோ? தெரியாட்டி திருக்குறளுக்கு ஏன் அழுதவர்?"

பிறகு அவன் மாமாவுக்கு எமிலின் கதையைச் சொன்னான். எரிஷ் கேஸ்ட்னர் 1929இல் எழுதியது. எமில் 140 மார்க்கைச் சட்டைக்குள் ஊசியால் குத்தி வைத்துக்கொண்டு பெர்லினுக்கு ரயிலில் போகிறான். நித்திரையானபோது கள்ளன் எடுத்துவிடுகிறான். கடைசியில் வங்கியில் வைத்து அந்தத் தாள்களிலுள்ள ஊசி ஓட்டைதான் கள்ளனைக் காட்டிக்கொடுக்கிறது. "பாத்தீங்களோ மாமா, ஓட்டை முதலே இருக்கு. நாங்கள்தான் கவனிக்கேல்லை."

மாமா ஒன்றும் பேசவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு போனார். அன்று அவர் யாரிடமும் வயது கேட்கவில்லை. சில்லுச் சத்தம் படிவரை கேட்டது. எனக்கு மகன்மீது கோபம்தான். பெரியவர்களிடம் இப்படியா பேசுவது என்று காரில் வைத்து ஏசினேன். "அவர்தானே கேட்டவர்" என்றான்.

மூன்று கிழமை கழித்து இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசி. மாமா. என் சுகம் கேட்கவில்லை. "தம்பி நிக்கிறாரோ?" என்றார். தம்பிக்கு முதல் தடவையாக 'ஆர்' விகுதி. ஒலிபெருக்கியில் போட்டேன்.

"தம்பி, ரெயில் எழுபது நிமிசம் பிந்துது எண்டு மாத்திப்போட்டன். காணுமோ?"

"காணும் மாமா. அறுபதுக்கு மேலை எண்டால் டிக்கெட் காசிலை கால்வாசி திருப்பித் தருவாங்கள்."

"ஆருக்கு?"

"ரெயிலிலை வந்த எல்லாருக்கும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"கள்ளனுக்கும்?"

"அவர் டிக்கெட் எடுத்தவரோ?"

"எடுத்திருப்பான். யேர்மன்காரன் எல்லே."

"அப்ப அவருக்கும் தருவாங்கள். ஆனால் படிவம் நிரப்பவேணும். சும்மா தரமாட்டாங்கள். முழுப் பேர், வீட்டு விலாசம் எல்லாம் எழுதவேணும்."

மறுமுனையில் ஏதோ விழுந்தது. கதிரையாக இருக்கவேண்டும். தாள் புரட்டும் சத்தம். "இஞ்சை, அந்தப் பேனையை எடு, எடு" என்று மாமியை அதட்டும் குரல்.

"பொறு தம்பி, ஆறுதலாச் சொல்லு. முழுப் பேர்... விலாசம்... பிறகு?"

"வங்கிக் கணக்கு இலக்கம்."

"ஐயோ," என்றார் மாமா, "பிறகு?"